கலைஞர்களுக்கான அரசு நல்கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் செய்யாறு பகுதியைச் சேர்ந்த தெருக்கூத்துக் கலைஞன். வயது 43, பி.ஏ. படித்திருக்கிறேன். மத்திய அரசின் சீனியர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும்படி சிலரும், நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதும்படி வேறு சிலரும் கூறுகின்றனர். எனக்கு உரியது எது? முன்பு ஒருமுறை 'தெருக்கூத்தைப் பாதுகாத்து வளர்த்தல்' என்ற தலைப்பில் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை.

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாதம் 3,000 ரூபாய் வீதம் வழங்கப்படும் உதவித்தொகை, வயது முதிர்ந்து வருவாய் குன்றிய கலைஞர்களின் வாழ்க்கைச் செலவுக்கானது. ஆடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது இப்போது பொருந்தாது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம், புது தில்லியில் உள்ள பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையத்தின் மூலம் நடத்தும் ஃபெலோஷிப் திட்டமோ, கலைஞரின் வறுமையைக் கருதி வழங்கப்படுவதன்று. அவர் இரண்டு ஆண்டுகளில் செய்யவிருக்கும் ஆய்வுக்காக வழங்கப்படுவது. 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு ஜூனியர் பிரிவில் மாதம் 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டோருக்கு சீனியர் பிரிவில் மாதம் 20,000 ரூபாயும் கணக்கிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு தவணைகளில் தருகிறார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 400 பேர், பிரிவுக்கு 200 பேர். பட்டதாரி என்பதால் கல்வித் தகுதியில் உங்களுக்குத் தடையில்லை.

முந்தைய விண்ணப்பம் முதல் சுற்றிலேயே நின்றுபோனதற்கு அதன் தலைப்பே போதுமான காரணமாக எனக்குத் தோன்றுகிறது. நாடு முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களில், தம் கலையைப் பாதுகாத்து வளர்க்க விரும்பாதவர் எவரும் இருக்க மாட்டார். நிபுணர் குழு அறிய விரும்புவது, எந்தக் கேள்வியை, எந்த ஊர்களில், யாரிடம் கேட்டு, இறுதியில் எதைக் கையில் கொண்டு வருவீர்கள் என்பதை மட்டுமே. உங்கள் கூத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் பாட்டைத் தொடர்ந்து ஒலிக்கும் முகவீணை என்ற சிறு ஊதுகருவியை வாசிப்போர் குறைந்து வருவதையும், பல குழுக்களில் ஆர்மோனியமே அந்த இடத்தையும் நிரப்பிவிடுவதையும் நீங்கள் மேடையிலேயே பார்த்திருப்பீர்கள். முகவீணையில் எந்தெந்த இராகங்கள் எந்த வேடம் திரைக்குப் பின்னிருந்து தோன்றும்போது வாசிக்கப்படுகின்றன, கூத்தின் வட்டார மரபுகளான வடக்கத்திப் பாணியிலும் தெற்கத்திப் பாணியிலும் அவை எவ்வாறு மாறுகின்றன என்பதை, இப்போதுள்ள வாசிப்பாளர்களிடம் அமர்ந்து பதிவு செய்து, இசைக்குறிப்போடு தொகுத்து அளிப்பேன் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் படிப்பவருக்கு ஐயம் எழ இடமில்லை. எந்தெந்த ஊர்களுக்குச் செல்வீர்கள், எந்தக் குழுக்கள் இசைவு தந்துள்ளன என்பதையும் சேருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டியிருக்கும் என்பதால், கூத்து நிறைந்திருக்கும் கோடை மாதங்களில் பதிவு வேலையும், ஆட்டம் குறைந்த மாதங்களில் எழுத்து வேலையும் வரும்படி திட்டமிட்டுக்கொள்வது நல்லது. பயிற்சிப் பட்டறை நடத்தப் போவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பயிற்சி, பட்டறை, கருத்தரங்கு ஆகியவற்றுக்கு இந்த நல்கை கிடையாது.

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். ஒரு நாவல் எழுதுவதற்காக அலுவலகத்தில் ஓராண்டு ஊதியமில்லா விடுப்பு எடுக்க எண்ணுகிறேன். இலக்கியமும் இந்த ஃபெலோஷிப்பின் துறைகளுள் ஒன்று என்பதால் எனக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இலக்கியம் துறைப் பட்டியலில் இருப்பது உண்மையே ஆயினும், புனைகதையும் தன்வரலாறும் எழுதுவதற்கு இந்த நல்கை இல்லை என்று விதிகளே கூறுகின்றன. குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கதைகளை ஆராய்வதற்குப் பணம் தரும் அரசு, அதே கதைகளிலிருந்து ஒரு நாவலை உருவாக்குவதற்குத் தருவதில்லை என்பது எனக்கும் உடன்பாடற்ற நிலைதான். உங்களுக்கு வயது முப்பதுக்குள் என்றால், தேசிய புத்தக நிறுவனம் நடத்தும் இளம் எழுத்தாளர்களுக்கான பிரதமர் திட்டம் ஒன்று உண்டு. 2021-இல் தொடங்கிய அத்திட்டத்தில் அப்போது தேர்வான 75 பேருக்கு ஆறு மாதங்களுக்கு மாதம் 50,000 ரூபாய் கிடைத்தது. ஆனால் எழுத வேண்டிய பொருளை அரசே வரையறுத்துவிடும். தமிழ் வளர்ச்சித் துறையின் நிதியுதவியோ, எழுதி முடித்த கைப்பிரதியை நூலாக வெளியிடுவதற்கானது. நாவல் எழுதும் காலத்துச் சோற்றுக்கு அரசு உதவுவது அரிது என்பதால், விடுப்பை ஓராண்டுக்கு எடுக்கும் முன் சேமிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தஞ்சை மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவரிடம் ஏழு ஆண்டுகளாக நாகசுரம் பயில்கிறான். அவனுக்கு ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு அதே அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை அளிக்கிறது. குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும் என்பதால், ஆசிரியரிடமிருந்து பயிற்சிக் காலத்தைக் குறிப்பிடும் சான்றை இப்போதே பெற்று வையுங்கள். தேர்வின்போது நிபுணர்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: அயர்லாந்தில் கலைஞர்களுக்கு எந்தத் திட்ட அறிக்கையும் கேட்காமல் வாரச் சம்பளம்போலப் பணம் தருகிறார்களாமே? இங்கும் அப்படி ஏன் தரக்கூடாது? – மதுரை வாசகர்

பதில்: செய்தி உண்மைதான். 2022-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில், தகுதியுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வாரம் 325 யூரோ வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தருவதாக அறிவித்தார்கள். இன்ன படைப்பை முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பணம் கலைஞர்களின் வாழ்விலும் வேலையிலும் என்ன மாற்றம் செய்கிறது என்பதை ஆராய்வதே நோக்கம்.

கலைஞர் எழுதித் தரும் திட்டத்தைப் பார்த்துப் பணம் தரும் நம் நாட்டு முறையைக் கைவிட வேண்டும் என்று நான் கூறமாட்டேன். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆயினும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ உள்ள படிவத்தில் திட்டத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர், மேடையில் தெளிவாக ஆடத் தெரிந்தவரை முந்திவிடுகிறார் என்பது இம்முறையின் கண்கூடான குறை. குலுக்கல் வரை போக வேண்டியதில்லை. தமிழிலேயே விண்ணப்பிக்கவும், எழுத்துக்கு மாற்றாகக் காணொளியில் தம் திட்டத்தை விளக்கவும் இடம் தந்தாலே செய்யாற்று வாசகரைப் போன்ற பலர் முதல் சுற்றைக் கடந்துவிடுவர். பத்து ஆண்டுகளுக்கு மேலாக மாறாதிருக்கும் ஃபெலோஷிப் தொகையான 10,000, 20,000 ரூபாயை விலைவாசிக்கேற்ப உயர்த்துவதும், ஒரு நிதியாண்டுக்கான தேர்வு முடிவை அந்த ஆண்டுக்குள்ளேயே வெளியிடுவதும் அதைவிட அவசரமானவை. தவணை எப்போது வரும் என்று தெரியாத நிலையில், அதை நம்பிக் கடன் வாங்கிப் பதிவுக் கருவிகள் வாங்குவதை விண்ணப்பதாரர்கள் தவிர்க்க வேண்டும்.