ஃபெடோரின் 69 வினாடி

வணக்கம் ஐயா,

என் அண்ணன் மகன் காவேரிப்பட்டணம் பக்கம் கபடி ஆடுகிறான். 95 கிலோ, தொடைப்பிடியில் கெட்டிக்காரன். இப்போது எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பித்து பிடித்திருக்கிறது. ரஷ்ய வீரர் ஃபெடோர் எமெலியானென்கோவின் பழைய சண்டைகளைப் பார்த்து, கீழே விழுந்தவன் மேல் பாய்ந்து குத்துவதையே பழகுகிறான். அமெரிக்காவின் பெரிய எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சியில் ஒரு சண்டைகூடப் போடாமல், பிரேசில் வீரர் வெர்டூமிடம் 69 வினாடியில் தோற்றவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? இவன் அவரைப் பார்த்துக் கற்கலாமா?

மா., கிருஷ்ணகிரி

அன்புள்ள மா.,

யுஎஃப்சிக்குப் போகாதது பெரிய குறை இல்லை. அன்று ஹெவிவெயிட் என்ற கனத்த எடைப்பிரிவில் தேர்ந்த ஆட்கள் பலர் ஜப்பானின் ப்ரைடு என்ற எம்எம்ஏ அமைப்பில்தான் இருந்தார்கள். 2003 மார்ச்சில் அங்கே பிரேசில் வீரர் நொகேராவை வென்று பட்டம் பிடித்தார் ஃபெடோர். 2000 டிசம்பரில் ஜப்பான் வீரர் கோசகாவுடன் மோதியபோது வெட்டுக்காயத்தால் 17 வினாடியில் சண்டை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு 2010 ஜூன் வரை தோல்வியே கிடையாது. இத்தனைக்கும் ஆறடி உயரம், சுமார் 105 கிலோதான். ப்ரைடு ஹெவிவெயிட்டில் எடைக்கு மேல்வரம்பே இல்லை, அங்கே இது சின்ன உடம்பு.

பையன் பார்க்க வேண்டியது அந்த 2003 சண்டையை. மல்லாந்து படுத்து, எதிராளியின் இடுப்பைக் கால்களால் கவ்விக்கொள்வதை கார்ட் என்பார்கள். நொகேராவின் கார்டுக்குள் போகவே பலர் பயந்தார்கள். ஃபெடோர் உள்ளேயே இருந்துகொண்டு குத்தினார். குத்திய கை அங்கே தங்கவில்லை, உடனே திரும்பி வந்தது. அதைக் கவனிக்காமல் குத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

வெர்டூம் சண்டையில் தவறியது இதுவே. வெர்டூம் விழுந்ததும், முடித்துவிடலாம் என்று ஃபெடோர் அவசரமாகக் கார்டுக்குள் பாய்ந்தார். ஒரு கை வெர்டூமின் கால்களுக்கு உள்ளே, மற்றது வெளியே. ட்ரையாங்கிள் என்ற கால்பூட்டைப் போட அவ்வளவு போதும். ஒரு கால் பிடரியில் விழும், அதன் கணுக்கால் மறு முழங்காலுக்குப் பின்னே பூட்டிக்கொள்ளும். கழுத்தின் ஒரு பக்க நாளத்தைத் தொடை அழுத்தும். மறுபக்கத்தை மாட்டியவனின் தோளே அழுத்தும். மூச்சைவிட மூளைக்குப் போகும் ரத்தம்தான் முதலில் தடைபடும், பத்து வினாடிக்குள் நினைவு தப்பலாம். கூடவே உள்ளே மாட்டிய முழங்கையையும் வெர்டூம் நீட்டி முறுக்கினார். ஃபெடோர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆகவே முதலில் குத்தே இல்லாமல் பழகட்டும். கூட்டாளியின் கார்டுக்குள் மூன்று நிமிடம்: முழங்கால் அகலமாக, முதுகு நேராக, கைகள் அவன் புஜத்தின் மேல். இரண்டு கையும் உள்ளே, இல்லையென்றால் இரண்டும் வெளியே. கூட்டாளி ட்ரையாங்கிள் போட முயலட்டும். இது பழகிய பிறகு ஒவ்வொரு குத்தாகச் சேர்க்கலாம். பூட்டு இறுகினால் உடனே தட்டி விட்டுக்கொடுக்க வேண்டும், வீம்பு கூடாது.

கபடிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தொடைப்பிடிக்குத் தலையைத் தாழ்த்திப் போகிற பழக்கம் இங்கே கில்லட்டின் என்ற, கழுத்தைக் கையால் சுற்றி நெரிக்கும் பிடிக்குக் கழுத்தை நீட்டுவது. தலை நிமிர்ந்து, காது எதிராளியின் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கழுத்து மாட்டிவிட்டால், அவன் எந்தக் கக்கத்தில் தலையைப் பிடித்திருக்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கமாக உடம்பை நகர்த்தச் சொல்லுங்கள். மாட்டிய பக்கமே சுற்றினால் பிடி இன்னும் இறுகும்.

தம் விஷயமும் உண்டு. ரெய்டு 30 வினாடி, இங்கே ஒரு சுற்று ஐந்து நிமிடம். ப்ரைடில் முதல் சுற்று பத்து நிமிடம்!

2004இல் அமெரிக்க வீரர் ரேண்டில்மேன் ஃபெடோரைத் தூக்கிக் கழுத்தில் விழப் போட்ட காட்சியைப் பையன் கட்டாயம் பார்த்திருப்பான். ஃபெடோர் அதே சுற்றில் கைப்பூட்டுப் போட்டு வென்றார் என்பது உண்மைதான். அந்தத் தூக்கிப்போடலை மட்டும் மண் களத்தில் யாரும் முயல வேண்டாம். அதற்குத் தடித்த மேட்டும், விழக் கற்றுத்தரும் ஆசானும் வேண்டும். ஓசூர் தாண்டி பெங்களூரு போனால் ஜியுஜிட்சு (தரையில் பிடியும் பூட்டும் போடும் கலை) கூடங்கள் இருக்கின்றன, வாரம் ஒரு நாளாவது அனுப்பிப் பாருங்கள்.