பிள்ளைகள் செய்ததை வாங்கிப் பார்க்க ஊரில் ஆள் வேண்டும்: கேள்வி பதில்

கேள்வி (சீவலப்பேரி பக்கம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை): வருசா வருசம் தெர்மாகோல் மாடல்தான் செய்யுதோம் சார். நெசமான வேலைன்னு எதைக் கொடுக்க?

பதில்: தாமிரபரணி பக்கத்திலேயே ஓடுகிறதே டீச்சர், தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை கூடும். ஒரு பக்க அறிக்கையை அங்கே வாசிக்கணும் என்று வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஊரார் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் எண்ணைப் பார்த்து எழுதுவார்கள்.

ஆறு, குழாய், கிணறு என்று மூன்று இடம். பாட்டிலை அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசணும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்ட பிறகு பிடிக்கணும். ஆற்றில் பிள்ளைகளை இறக்கவே இறக்காதீர்கள். படித்துறையில் நின்று கயிறு கட்டிய வாளியில் ஒரு பெரியவர் மொண்டு கொடுக்கட்டும். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவை அங்கேயே எடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோனால் மாறிவிடும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் அளவை, மீட்டரில் மூன்று தரம் பார்த்து நடு எண்ணை எழுதுங்கள். குடிநீருக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், பிஎச் 6.5 முதல் 8.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

வழக்கமாகத் தப்பு நடப்பது இரண்டு இடத்தில். கிணற்றுத் தண்ணீரில் தோய்த்த மீட்டரைக் கழுவாமல் ஆற்றுத் தண்ணீரில் வைப்பார்கள். கிணற்றின் உப்பும் சேர்ந்து ஆற்றுக் கணக்கில் ஏறிவிடும். டிடிஎஸ் குறைவாக இருந்தால் 'குடிக்கலாம்' என்று எழுதிவிடுவார்கள், இதுதான் ஆபத்து. கிருமி அந்த மீட்டரில் தெரியாது. அதற்கு எச்2எஸ் பாட்டில் சோதனை தனி: தண்ணீரை ஊற்றி 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள், கறுத்தால் கழிவுநீர் கலந்திருக்கலாம். அப்படிக் கறுத்தால் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்த பிறகே சபையில் பேசணும்.

கேள்வி (பத்தமடை, ஒரு தாய்): வீட்ல கோரைப்பாய் நெய்யுதோம் அண்ணாச்சி. பத்தாவது படிக்க மகளுக்குக் கணக்கு வரல.

பதில்: ஒரு பாயின் அடக்கவிலையை அவளே போடட்டும். கோரை, சாயம், நூல், வண்டி வாடகை எல்லாம் எழுதுவாள். உங்கள் கூலியை மட்டும் விட்டுவிடுவாள். தறியில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். சாமான் 300 ரூபாய், 16 மணி நேரம், வியாபாரி தருவது 900 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 600-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 37.50. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த தரம் வியாபாரியிடம் அவளும் கூட நின்று விலை பேசட்டும்.

கேள்வி (பேட்டை): எட்டாம் வகுப்புப் பையன்களை லேத் பட்டறைல ஒரு வாரம் விடலாமா?

பதில்: வேலைக்கு விடக்கூடாது. 14 வயதுக்குள் சட்டமே தடுக்கிறது. அதற்கு மேல் 18 வரையிலும் ஆபத்தான வேலை கூடாது. ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்க்கலாம். "போன வாரம் எந்த வேலை திரும்பி வந்தது, ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அளவு எடுப்பது ஏன் முக்கியம் என்று மேஸ்திரியே விளக்கிவிடுவார்.

கேள்வி: குழுவாச் செஞ்சா மார்க் எப்படிப் போட?

பதில்: பத்தில் நான்கு குறிப்பு நோட்டுக்கு, மூன்று திருத்தி எழுதியதற்கு. மீதி மூன்றுக்கு ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, அறிக்கையில் ஒரு எண்ணைக் காட்டி எப்படி வந்தது என்று கேளுங்கள்.