பில் இல்லாமல் விற்கும் 'பிஜி-3' பருத்தி விதையை வாங்கலாமா?

கேள்வி: மானாவாரியில் மூன்று ஏக்கர் பருத்தி போடுகிறேன். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாகவில்லை. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி என்று 'பிஜி-3' விதையை ஒரு வியாபாரி பில் இல்லாமல் தருகிறார். வாங்கலாமா? அதிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் விதைக்கலாமா? மரபணு மாற்றுவதே பாவம், அந்தக் கொட்டையை மாட்டுக்கு வைக்காதே என்கிறார் அம்மா. - ஒரு விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள்.

நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதி உள்ள மரபணு மாற்றுப் பருத்தி எல்லாம் காய்ப்புழுவை எதிர்ப்பவை மட்டுமே. பிடி (Bt) பருத்தி என்பது இதுதான்: முதல் ரகம் 2002ல் வந்தது, அதன் அடுத்த தலைமுறையான பிஜி-2 2006ல் வந்தது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு விண்ணப்பித்திருந்த நிறுவனம் 2016ல் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுவிட்டது. ஆகவே பிஜி-3, பிஜி-4 என்று ஊர் ஊராக வருவதெல்லாம் கள்ள விதை. மருந்து அடித்ததும் பாதிச் செடி கருகினால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? பில்லும் லாட் எண்ணும் இல்லாமல் நஷ்டஈடு கேட்கவே வழியில்லை. பயிரை அழிக்கச் சொல்லி அதிகாரிகள் வந்தால் வயலில் நிற்கப்போவது நீங்கள்தான், அந்த வியாபாரி இல்லை.

2019ல் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில் விவசாயிகள் இதே விதையைப் பகிரங்கமாக விதைத்துப் போராடினார்கள். புதிய தொழில்நுட்பத்தை எங்களுக்கு ஏன் மறுக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். கூலிச் சுமை தெரிந்த யாரும் அந்தக் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழு, களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்று 2013ல் சொன்னது. கூலி வேலை பறிபோகும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உங்கள் ஊரில் களை எடுக்க வருபவர்கள் யார்? பெரும்பாலும் நிலமில்லாத பெண்கள். உங்களுக்குச் செலவாகும் பணம்தான் அவர்கள் வீட்டு அடுப்பு. நூறு நாள் வேலையும் நகரத்து வேலையும் ஆட்களை இழுத்துக்கொண்டது உண்மைதான். அதற்காக மிச்சமிருப்பவர்களின் பிழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு சங்கடம், இந்த விதையோடு சேர்த்து அடிக்கச் சொல்லும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. உங்கள் பகுதியில் பருத்திக்குப் பக்கத்து வயலில் மக்காச்சோளம் நிற்கும். காற்றில் சாரல் பட்டாலே அது கருகிவிடும். அப்புறம் பஞ்சாயத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015ல் இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வகைப்படுத்தியது. வேறு பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் இதை ஏற்கவில்லை. எப்படியானாலும் கையுறை, முகக்கவசம் இல்லாமல் அடிக்கிற மருந்து இல்லை அது.

களைக்கு இப்படிச் செய்யுங்கள். விதைத்த மூன்றாம் நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, பெண்டிமெத்தலின் 30 சதம் மருந்தை ஏக்கருக்கு சுமார் 1.3 லிட்டர் அடியுங்கள். பிறகு களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது, பருத்திக்கென்றே அனுமதி உள்ள பைரித்தியோபேக் சோடியம், குயிசலோபாப் கலந்த மருந்தை லேபிளில் உள்ள அளவுப்படி அடிக்கலாம். வரிசைக்கு இடையில் மாட்டு ஏர் அல்லது பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) ஓட்டினால், 40ஆம் நாள் வாக்கில் ஒரே ஒரு கைக்களை போதும்.

விதை எடுத்து வைக்க வேண்டாம். கடையில் விற்கும் பிடி பருத்தி அநேகமாக எல்லாமே ஒட்டு ரகம். அதன் கொட்டையை விதைத்தால் செடிக்குச் செடி குணம் மாறும், சிலவற்றில் பிடி மரபணுவே இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ ஏற்கெனவே பிஜி-2வை மிஞ்சிவிட்டது. அதற்குக் காரணம் மரபணு மட்டுமில்லை. புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி வளராமல் இருக்கச் சுற்றிலும் விதைக்கக் கொடுத்த பிடி அல்லாத விதைப் பொட்டலத்தைப் பலரும் தூக்கிப் போட்டோம், அறுவடை முடிந்த பருத்தி மாரை மாதக் கணக்கில் வயலில் நிற்கவிட்டோம்.

அம்மாவுக்கு: பாவ புண்ணியத்தை நான் தீர்க்க முடியாது. பிடி என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. அது உண்டாக்கும் புரதம் புழுவின் காரத்தன்மை உள்ள குடலில்தான் வேலை செய்யும். மாட்டின் வயிற்றில் மற்றப் புரதம் போலச் செரித்துவிடும். நாட்டில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி பிடி என்பதால், கடையில் வாங்கும் கொட்டையும் புண்ணாக்கும் அதுவாகவே இருக்கும். பிடியோ இல்லையோ, எந்தப் பருத்திக்கொட்டையிலும் காசிபால் என்ற நச்சு உண்டு. இளங்கன்றுக்கு அதை வைக்காதீர்கள்.

சொந்த விதைதான் வேண்டும் என்றால் ஒரு அரை ஏக்கரில் கோ 17 போட்டுப் பாருங்கள். அது வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம், ஒட்டு இல்லை, மரபணு மாற்றியதும் இல்லை. பக்கக் கிளை ஓடாமல் நேராக வளரும், அதனால் நெருக்கி நடலாம். அதில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம்; பிராண்ட் பெயர் போட்டு விற்காதவரை, பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 2001 அந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது. பிடி இல்லாததால் பச்சைக் காய்ப்புழுவைக் கவனிக்க வேண்டும். பூ விடும் முன்பே, அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துவிடுங்கள்.