நூலகர் பதில்கள்: காசு கேட்கும் கட்டுரையும் கிடைக்காத புத்தகமும்

கலைக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில:

மேடம், கூகுளில் கட்டுரை வருகிறது; திறந்தால் பணம் கேட்கிறது. (பி.ஏ. வரலாறு, அரசு உதவி பெறும் கல்லூரி)

பணம் கட்டிவிடாதீர்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகத்தில் கேளுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற பல்கலைக்கழக மானியக் குழு மையம் நடத்துவது. 6,000க்கு மேற்பட்ட இதழ்கள் உண்டு. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் கணக்கு திறந்து தருவார்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். கல்லூரி சந்தா கட்டியிருக்கும், பிள்ளைகள் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் ஆதங்கமே இதுதான்.

நான் தனியார் பொறியியல் கல்லூரி. எனக்கும் உண்டா?

என்-லிஸ்ட் பொறியியல் கல்லூரிகளுக்கு இல்லை. ஆய்விதழ்களுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்குத்தான். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடும் கூகுள் ஸ்காலரில் பல கட்டுரைகளுக்குக் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கும். அதை அழுத்துங்கள், ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய இலவசப் பிரதி பல நேரம் அங்கே கிடைக்கும்.

சிலப்பதிகார ஆய்வு நூல்களை வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. (எம்.ஏ. தமிழ்)

ஆங்கில எழுத்தில் 'எஸ்' போட்டுத் தொடங்கியிருப்பீர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ச-வுக்கு 'சி' (c), த-வுக்கு 'எச்' சேராத வெறும் 'டி' (t), ழ-வுக்கு 'எல்' (l). நம் வழக்கப்படி 'இசட்எச்' அடித்தால் தமிழே கிடைக்காது! அப்படி மாற்றி அடித்துப் பாருங்கள், வந்து கொட்டும். தமிழ் எழுத்திலேயே தேட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய நூல்களும் இதழ்களும் இலவசம்.

ஷோத்கங்காவில் 300 பக்க ஆய்வேட்டை முழுசாகப் படிக்கணுமா?

வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தத் தளத்தில் பெரும்பாலான ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாகத்தான் இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறங்கள். உங்கள் தலைப்பில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு தேவையான இயல் மட்டும்.

சாட்ஜிபிடி கொடுத்த நூல் எங்கேயும் இல்லையே?

எழுதப்பட்டிருந்தால்தானே கிடைக்கும், தம்பி! தலைப்பும் ஆசிரியரும் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லையென்றால் அடிக்குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கணினியில் 'இருப்பு' என்று காட்டுகிறது, அலமாரியில் காணோம்.

நூல்களை அடுக்கும் டியூயி பகுப்பு எண்களில் 894.811 தமிழ் இலக்கியம், 494.811 தமிழ் மொழி. இரண்டும் இடம் மாறிப் போவது சகஜம், அங்கேயும் பாருங்கள். திரும்பி வந்த புத்தகங்கள் கிடக்கும் மேசையையும் ஒருமுறை பார்த்துவிட்டு எங்களிடம் வாருங்கள்.