காதிம் விசாவில் குவைத்துக்குப் போகலாமா?

கேள்வி: என் தம்பி ஒன்பதாவது வரை படித்தவன், எண்ணூரில் வெல்டர். குவைத்துக்கு அனுப்ப ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். 'முதலில் காதிம் விசாவில் இறங்கட்டும், பிறகு கம்பெனிக்கு மாற்றிவிடலாம்' என்கிறார். நம்பலாமா? அங்கே மரியாதையாக நடத்துவார்களா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: நம்ப வேண்டாம். காதிம் என்றால் வீட்டு வேலையாள். குவைத்தில் அதற்கு 20-ஆம் நம்பர் விசா, கம்பெனி வேலைக்கு 18-ஆம் நம்பர். 20-இல் போனவர் தன் கஃபீல், அதாவது விசா எடுத்துக் கொடுத்த முதலாளி, வீட்டில் மட்டும்தான் வேலை செய்யலாம். வெளியே வெல்டிங் செய்து பிடிபட்டால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கஃபீல் 'ஓடிப்போய்விட்டான்' என்று புகார் எழுதினாலும் அதே கதிதான். 20-லிருந்து 18-க்கு மாற 2024-இல் இரண்டு மாதம் அனுமதித்தார்கள். அப்படி எப்போதாவது திறக்கும் கதவை நம்பி வட்டிக்குக் கடன் வாங்க முடியுமா?

பத்தாவது தேறாததால் தம்பியின் பாஸ்போர்ட் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையாக இருக்கும். அப்படிப்பட்டவர் குவைத் வேலைக்குப் போக இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அதே தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் உள்ள பெயரை விடுங்கள், லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி அதில் தேடுங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. 1,20,000 எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

பணம் கட்டும் முன்பு மெடிக்கல். பழைய டிபி தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே அன்ஃபிட் ஆகிவிடலாம், பலர் முன்பணத்தைத் தொலைப்பது இங்கேதான். அடுத்து ஒப்பந்தம். அதில் 'வெல்டர்' என்று இருக்கிறதா, 'ஹெல்பர்' என்று இருக்கிறதா? இந்த ஒரு சொல்லில் சம்பளம் பாதியாகிவிடும். இங்கே ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அங்கே அரபியில் வேறொன்றை நீட்டுவதும் நடக்கிறது. அதனால் இங்குள்ளதை போட்டோ எடுத்து வீட்டில் ஒருவரின் போனில் வைத்திருங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் வரை கிடைக்கும். காதிம் விசாவில் போய்க் கம்பெனியில் அடிபட்டால் எந்த இழப்பீடு கேட்டாலும் முதல் கேள்வியே 'அங்கே நீ எப்படி வந்தாய்?' என்பதாக இருக்கும்.

மரியாதை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வட்டாரமே அதற்குப் பாதி பதில் சொல்லும். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கி, அந்நாட்டுப் பணமான சாட்டில் 50, 100 நோட்டுகளையும் செல்லாமல் ஆக்கினார்கள். கப்பலேறி வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியில் குடியமர்ந்தார்கள். பேச்சு தமிழ், ஊர் தமிழ்நாடு, ஆனாலும் 'பர்மாக்காரங்க' என்ற பெயர் போகவில்லை. அவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை இன்று பீச் ஸ்டேஷன் பக்கம் வரிசையில் நின்று சாப்பிடுகிறோம், அது வேறு விஷயம். ஆனால் அவர்கள் கையில் இந்தியக் குடியுரிமை இருந்தது. யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

குவைத்தில் அந்தக் குடியுரிமை கிடைக்காது. அங்கே மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர், அதில் பெரிய கூட்டம் இந்தியர். ஆனாலும் முப்பது வருடம் உழைத்தவரும் விசா முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். கூடப் பிறந்தவர்போல் பழகும் கஃபீலும் உண்டு, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பவரும் உண்டு. கையில் சரியான விசா இருந்தால் புகார் செய்யலாம். தவறான விசாவில் இருப்பவர் புகார் கொடுக்கப் போனால் அவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

ரூம் பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள்: ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனையாவது மாடி, சமையல் எங்கே, இறங்க இரண்டாவது வழி உண்டா? 2024 ஜூன் 12-இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததில் இறந்த இந்தியர் மட்டும் 45 பேருக்கு மேல், அவர்களில் 7 பேர் தமிழர்கள்.

ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பாஸ்போர்ட்டை முதலில் திரும்ப வாங்குங்கள். பணத்தைப் பிறகு கேட்கலாம்.