வெளிநாட்டில் மனச்சோர்வு: கவுன்சிலிங் போகலாமா, ஊருக்கே திரும்பிவிடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: ஜெர்மனிக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது, தூக்கம் இல்லை, எதிலும் நாட்டம் இல்லை, கவுன்சிலிங் போனால் வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து வருமா, பேசாமல் ஊருக்குத் திரும்பிவிட்டால் சரியாகிவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

என் சொந்த ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மேலும் இருபது கிலோமீட்டர் போகவேண்டும். படிப்படியாக இறங்கும் வயல், நடுவில் ஓட்டு வீடுகள் என்று நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். வடமேற்கு ஜெர்மனியில் பீலஃபெல்ட் என்ற ஊரில் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். 2022 நவம்பரில் எனக்கு ஆரம்பித்தது. "குளிர் தாங்கலையா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். குளிர் எனக்குப் புதிதில்லை, தை மாதத்தில் புல் மேல் பனி உறைந்து கிடக்கிற ஊரில் வளர்ந்தவன். எனக்கு ஆகாமல் போனது வெளிச்சம். எங்கள் ஊரில் மார்கழியிலும் சாயங்காலம் ஆறு மணிவரை பகல்தான். அங்கே டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து, நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். அலுவலகத்துக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு.

வெளிச்சம் மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. அதே இருட்டில் லட்சக்கணக்கான பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். "ஒரு குளிர்காலத்தைத் தாங்க முடியாதவன்" என்று இங்கே எழுத வருகிறவர்கள், அதற்கு முன் ஐந்து குளிர்காலம் நான் அதே ஊரில் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கும் இப்படித்தானா என்று பாருங்கள். அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் வராது. ஏழு மணிக்கு எழுந்து சாக்ஸ் போடுவதற்காகக் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். ஒரு காலில் சாக்ஸ் இருக்கும், இன்னொன்று கையில் இருக்கும். அப்படியே இருபது நிமிடம் போய்விடும். துக்கம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, அழுகையும் வரவில்லை. இன்னொரு சாக்ஸைப் போடுவதற்கான காரணம் எதுவும் உள்ளே இல்லை, அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும். சாயங்காலம் அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது நன்றாகவே பேசுவேன். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்த நம் ஆட்களில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் ஜிம்முக்குப் போகச் சொன்னார். இன்னொருவர் ரகசியம் சொல்வதுபோல, "டாக்டரிடம் போகாதே, ரெக்கார்ட்ல ஏறிடும், பி.ஆர். கிடைக்காது" என்றார். பி.ஆர். என்றால் நிரந்தர வசிப்புரிமை. நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு நான்கு மாதம் வீணாகிப் போனது. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

டாக்டரிடம் போகாமல் பிப்ரவரியில் இருந்த லீவையெல்லாம் சேர்த்து ஐந்து வாரம் ஊருக்கு வந்தேன். பூண்டு எடுக்கிற சமயம். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோண்டி எடுத்ததும் தாளோடு சேர்த்துக் கட்டு கட்டாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே விறகு வைத்துப் புகை போடுவோம். விதைக்கு வைக்கிற பூண்டு புகை பட்டால்தான் கெடாமல் நிற்கும். வீட்டு ஆட்கள், நல்ல வெயில், அம்மா கைச் சோறு எல்லாம் இருந்தது. முதல் நான்கு நாள் சரியாகிவிட்டதாகவே நினைத்தேன். ஐந்தாம் நாள் அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்தது. அங்கே இருந்த அதே விழிப்பு. பீலஃபெல்டிலாவது வேலை, தனிமை, இருட்டு என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். பூம்பாறையில் அப்படி எதையும் காட்ட முடியவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அம்மா குழந்தை வேலப்பருக்கு நேர்ந்துகொண்டு திருநீறு கொண்டுவந்து பூசினார். நான் கோயிலுக்கு எதிரானவன் இல்லை, இன்றும் போகிறேன். ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் போவேன். கும்பிட்டுவிட்டு டாக்டரிடமும் போகலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவர் "மூலையில் உட்கார்ந்துவிட்டார்". ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு முன் வடுகபட்டி மார்க்கெட்டுக்கு எங்கள் தெருப் பூண்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் விலை பேசி விற்றுவந்தவர். அப்புறம் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. செய்வினை என்றார்கள், சோம்பேறி என்றார்கள், சித்தியைப் பற்றியும் என்னவெல்லாமோ பேசினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவர் செய்த ஒரே வேலை, புகை போடுகிற அறையில் உட்கார்ந்து பூண்டுக் கட்டு கட்டியது.

அந்தப் பிப்ரவரியில் நானும் அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கே யாரும் வெளிநாட்டுக் கதை கேட்க மாட்டார்கள். சித்தப்பா பூண்டுத் தாளை ஒரே நீளத்துக்குத் தட்டிச் சேர்த்து, நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார். புகையில் அவர் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் கட்டு கட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

"ஏப்பா, ஒனக்கும் காலையிலதான் ஜாஸ்தியா இருக்கா?"

நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. சாக்ஸ் கதை அவருக்குத் தெரியாது. "ஆமா சித்தப்பா" என்றேன். "மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் விடும்" என்றார். அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி டிக்கெட்டைப் பத்து நாள் முன்னுக்கு மாற்றினேன். அந்த அறையில் எனக்கும் ஓர் இடம் தயாராகிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தலையில் பூண்டு மூட்டையோடு ரோட்டைத் தாண்டும்போது ஒரு கார் வந்து நின்றது. உள்ளே கல்லூரி வயசுப் பையன்கள். "ப்ரோ, காளான் எங்க கிடைக்கும்? டிப்ரஷனுக்கு நல்லதாமே" என்று கேட்டார்கள். மழைக்காலத்தில் முளைப்பதைப் பிப்ரவரியில் தேடி வந்திருக்கிறார்கள். போதைக்காளான் வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். காசுக்கு ஆசைப்பட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் விற்கப் போய், கேஸ் வாங்கி, படிப்பை விட்டிருக்கிறார்கள். அந்த மருந்தை வைத்து வெளிநாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது என்று எனக்கும் தெரியும். அது டாக்டர் பக்கத்தில் இருக்க, அளந்து கொடுத்து நடப்பது. காட்டில் பிடுங்கித் தின்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொடைக்கானலுக்குப் போனால் மனசு லேசாகிவிடும் என்று வண்டி வண்டியாக வருகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைக்கிற அளவுக்குக் கூட்டம். அந்த மலையிலேயே இருபது வருடம் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷர் மனநல டாக்டரைப் பார்க்க மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, திண்டுக்கல்வரை போகவேண்டும். பஸ்ஸில் ஒரு நாள் முழுக்க ஆகிவிடும். "நீங்க ஹில்ஸ்ல பொறந்தவரு, உங்களுக்கு என்ன டிப்ரஷன்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு நடந்ததையும் அங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனி திரும்பியதும் முதலில் குடும்ப டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துத் தைராய்டு, பி12, வைட்டமின் டி பார்த்தார். இதைக் கேட்டு வாங்குங்கள், தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். எனக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது, ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் மருத்துவ விடுப்பு எழுதினார். விடுப்புச் சான்றில் கம்பெனிக்குப் போவது தேதிகள் மட்டும்தான், என்ன நோய் என்பது போகாது. ஆறு வாரம்வரை முழுச் சம்பளம் கம்பெனியே கொடுக்கவேண்டும். அதற்கு மேல் போனால் காப்பீட்டு நிறுவனம் ஒரு பங்கு கொடுக்கும். டாக்டரோ சிகிச்சையாளரோ நீங்கள் சொன்னதை வெளியே சொன்னால் ஜெர்மன் தண்டனைச் சட்டம் 203-ஆம் பிரிவின்படி அவர்கள் மேல் வழக்குப் போடலாம். அதற்கப்புறம் எனக்கு விசா நீட்டிப்பும் ஆனது, நிரந்தர வசிப்புரிமை அட்டையும் வந்தது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் இவற்றைத்தான் கேட்டார்கள். மனநலம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் பாதிப்பு உண்டு, அதை மறைத்துச் சொல்வது தப்பு. வேலை செய்ய முடியாமல் போனால் பணம் தரும் தனியார் காப்பீடு பின்னால் எடுக்கப் போனால், பழைய சிகிச்சை விவரம் கேட்பார்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் என்ற மாத்திரையை டாக்டர் ஐம்பது மில்லிகிராமில் ஆரம்பித்தார். முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது, தூக்கம் இன்னும் கெட்டது. நாலாவது வாரம்தான் ஏதோ மாறுகிறது என்று தெரிந்தது. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்துவதையும் மெல்லக் குறைத்துத்தான் செய்யவேண்டும்.

கவுன்சிலிங்தான் கஷ்டமான பகுதி. 116117 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டால் முதல் ஆலோசனைக்கு நான்கு வாரத்துக்குள் நேரம் வாங்கித் தருவார்கள், எனக்கு மூன்று வாரத்தில் கிடைத்தது. தொடர் சிகிச்சைக்கு இடம் கிடைப்பது வேறு விஷயம். ஒவ்வொரு சிகிச்சையாளரும் வாரத்தில் ஏதோ ஒரு மணி நேரம்தான் போன் எடுப்பார்கள். நோட்டில் கோடு போட்டு, பெயர், கிழமை, நேரம் என்று எழுதி, முப்பத்தொரு பேருக்குப் போன் பண்ணினேன். ஆகஸ்டில் இடம் கிடைத்தது. முப்பத்தொரு போன் போடத் தெம்பு இருக்கிறவனுக்கு எதற்கு மனச்சோர்வு சிகிச்சை என்று யாராவது கேட்டால், மாத்திரை கொடுத்த தெம்பில்தான் போட்டேன் என்பது என் பதில். ஐம்பது நிமிடம் கொண்ட அமர்வு, மொத்தம் இருபத்துநான்கு. பொதுக் காப்பீட்டில் ஒரு பைசா செலவு இல்லை. நீங்கள் மாணவர் என்றால் பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசனை இலவசம், அதை முதலில் பாருங்கள்.

பாதி ஜெர்மனும் பாதி ஆங்கிலமுமாகத்தான் பேசினேன். இரண்டாவது அமர்வில், காலையில்தான் அதிகமாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் விடுகிறது என்று சித்தப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்குச் சிகிச்சை கொடுத்த அம்மா தலையசைத்து, "மோர்கன்டீஃப்" என்றார். காலைப் பள்ளம். அவர்களிடம் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, பாடப்புத்தகத்தில் வருகிற அறிகுறி. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அத்தனை மாதத்தில் முதல் தடவை. சித்தப்பாவுக்கு அந்த ஒரு சொல்லை இருபது வருடம் யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே சித்தியிடம் பேசினேன். முதலில் 14416-க்குப் போன் போடச் சொன்னேன். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. அப்புறம் தம்பி வண்டி பிடித்துத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனான். சித்தப்பா முழுக்கக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. போன தடவை நான் போனபோது அவர் வடுகபட்டி போயிருந்தார். சாயங்காலம் வந்து, பூண்டு என்ன விலைக்குப் போனது என்று சித்தியிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார்.

உங்களுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று இருந்தால் போங்கள், தப்பே இல்லை. நிரந்தரமாகத் திரும்புவதையும் யோசிக்கலாம். சிகிச்சை ஆரம்பித்து, நன்றாகத் தூங்க ஆரம்பித்தபிறகு அந்த முடிவை எடுங்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் எந்த அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காமல் 112-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசவேண்டும்போல இருந்தால் 0800 111 0 111, அதுவும் இலவசம்.

116117-க்கு எந்த நேரத்திலும் பேசலாம். ஜெர்மன் வராவிட்டால் இதைப் பார்த்து வாசியுங்கள்: "இஷ் ப்ரௌஹே ஐனென் டெர்மீன் ஃப்யூர் டீ ப்ஸ்யூஹோதெரபொய்டிஷே ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே." முதல் ஆலோசனைக்கு நேரம் வேண்டும் என்று அர்த்தம். காலையில் முடியாது, எனக்குத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் பண்ணுங்கள்.