கடற்கரை மணல்மேடுகளில் மணலைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது?

நண்பகலில் போய், கண்ணெல்லாம் மணலாகித் திரும்பிவந்துதான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே குடியிருப்பவை எல்லாம் வளைக்குள்ளும் புதருக்கடியிலும் இருக்கும். சோழமண்டலக் கரையில் எந்த மேட்டுக்கானாலும் விடிந்த கையோடு போங்கள். சாய்வெயிலில் ஒவ்வொரு தடமும் நிழலோடு தெரியும். காற்று எழும்பிவிட்டால் எல்லாம் அழிந்துபோகும்.

அப்படிப் போன ஒரு காலையில், ராவணன் மீசை என்னும் முள்புல் மண்டிய ஒரு மேட்டில் உடும்புத் தடம் பார்த்தேன். நடுவில் வால் இழுபட்ட கோடு வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் நகம் பதிந்த காலடிகள். புல்லின் முள் காலைக் கிழிக்க, பின்தொடர்ந்தேன். உச்சியில் காற்று தடத்தைத் துடைத்திருந்தது. உடும்பு அகப்படவில்லை. கடல் பக்கமாக இறங்கிக் குந்தினேன். கொஞ்ச நேரத்தில், எதிரே இருந்த வளையிலிருந்து நண்டு ஒன்று இரண்டு குச்சிக் கண்களை முதலில் நீட்டியது. ஒரு பக்கக் கால்களில் மணலை அணைத்துக்கொண்டு வெளியே வந்து, வீசி எறிந்துவிட்டு உள்ளே ஓடியது. மறுபடி வந்தது, மறுபடி எறிந்தது. காற்று படாத பின்சரிவில் குழியானைப் பூச்சிகளின் குழிகள். சறுக்கி விழுந்த எறும்பு ஏற முயல, அடியிலிருந்து அதன்மேல் மணலை வாரி அடிக்கிறது குழியானை.

இதெல்லாம் ஒரு காட்சியா என்று சிலர் கேட்பார்கள். நான் விலங்கியல் படித்தவன் அல்ல. ஆனால் உருளும் மணலில் வீடு கட்டி வாழ்வதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த மேடுகளில் சவுக்கு நடுவது பெருகிவிட்டது. சவுக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கடல் விளிம்பு வரை நட்டு, பங்குனி ஆமை முட்டையிடும் மணலை அடைப்பதைத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மேட்டைப் பொக்லைன் விட்டு நிரவி, கன்று நட்டு, ‘தரிசு நில மேம்பாடு’ என்று பலகையும் வைத்தார்கள். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் வேர்விட்டு மணலைப் பிடித்து உயர்த்திய மேடு அது. அதை எப்படித் தரிசு என்று எழுத மனம் வந்தது?

போகும்போது வண்டியை மேட்டில் ஏற்றாதீர்கள். உப்புக்கொத்தி வெறும் மணலில்தான் முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். தாய்ப்பறவை சிறகொடிந்ததுபோல் உங்கள் முன்னால் தத்தினால், கூடு அருகிலேயே இருக்கிறது. வந்த காலடியிலேயே திரும்பிவிடுங்கள்.